ஒரே நாளில் நிமிர்ந்த பூ

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, நகரக் கலைக்கூடத்தின் முதல் மாடியில் இருந்த ஓர் ஓவியம் திருட்டுப் போய்விட்டதாகக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது.

போலீஸ் போய்ச் சேர்ந்தபோது அந்த ஓவியம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் படம் திருடு போச்சு?" பெண் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அதோ... அது."

கை நீட்டியவர் அந்தப் படத்தை வரைந்த ஓவியர். அறுபதைத் தாண்டிய பெண்மணி. குரல் நடுங்கியது. நீட்டிய விரல் நடுங்கவில்லை.

"அது இங்கதானே இருக்கு?"

"அதான் புகாரே."

சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். ஒல்லி உடம்பு, கூர்மையான வாய். ஸ்டேஷனில் அவருக்குக் குண்டூசி என்று பெயர்.

"மேடம், பொருள் காணாமப் போய் புகார் வந்து பாத்திருக்கேன். பொருளோட வந்த திருட்டுப் புகார் இதான் முதல்."

"நீ சும்மா இரு." இன்ஸ்பெக்டர் படத்தின் அருகில் போனார்.

ஒரு மேஜை. மேஜை மேல் மண் ஜாடி. ஜாடி நிறைய மஞ்சளும் சிவப்புமாக ஜெர்பரா பூக்கள். பூக்கள் அழகாக வரையப்பட்டிருக்கவில்லை... வண்ணத்தைக் கத்தியால் வழித்து அப்பியிருந்தார்கள். ஒவ்வொரு இதழும் விரல் தடிமனுக்கு எழுந்து நின்றது. ஜாடிக்கு அடியிலிருந்து, ஓரத்தில் வெள்ளிக் கொடி ஓடிய ஒரு நீலத் துணி மடிப்பு மடிப்பாகச் சரிந்து மேஜை விளிம்பைத் தாண்டி வழிந்தது.

பார்த்தால் யாரோ உரக்கப் பேசிவிட்டு அப்போதுதான் அறையைவிட்டு வெளியே போன மாதிரி இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் படம் இல்ல. என்னோடதை எடுத்துட்டு இதை மாட்டிட்டாங்க."

"கீழ கையெழுத்து இருக்கே?"

"என் கையெழுத்து மாதிரியே இருக்கு."

"மாதிரி இல்லம்மா. உன்னோடதேதான்."

பின்னாலிருந்து வந்தது குரல். ஓவியரின் மகன். கழுத்தில் அலுவலக அட்டை, கையில் கார் சாவி, முகத்தில் சலிப்பு.

"மன்னிச்சுக்கங்க மேடம். அம்மாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி கண்ணுல புரை ஆபரேஷன் ஆச்சு. அதுலேர்ந்து இப்படித்தான். வீட்டுச் சுவரோட நிறமே மாறிடுச்சுன்னு சொன்னாங்க."

"மாறினது நிஜம்டா. புரை எடுத்தப்புறம்தானே அது வெள்ளைன்னே தெரிஞ்சுது. இத்தனை வருஷமா சந்தன நிறம்னு நினைச்சுட்டிருந்தேன்."

"பாத்தீங்களா மேடம்?"

"அவங்க சொல்றது சரின்னுதான் படுது," என்றார் குண்டூசி. "எங்க ஸ்டேஷன் சுவருக்கும் அந்த ஆபரேஷன் தேவைப்படுது."

மகன் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"தனியா இருக்காங்க மேடம். வீடு முழுக்க பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசனை. அடுப்பை மூடினாங்களான்னு எனக்கு ஆபீஸ்ல உக்காந்துகூட நிம்மதி இல்ல. என்னோட வந்து இருன்னு கூப்பிடறேன். அவங்க வரையற அறையை வாடகைக்குக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார். இன்னிக்கு சாயங்காலம் அவருக்குப் பதில் சொல்லணும்."

தணிந்த குரல் போதுமான அளவுக்குத் தணியவில்லை.

"எனக்குக் காதுல ஆபரேஷன் ஆகலடா," என்றார் ஓவியர். அருகே வந்து நின்றார். "மேடம், நீங்களே சாட்சி. என் கண்ணு தப்பாப் பாக்குதுன்னு இன்னிக்கு நிரூபணம் ஆச்சுன்னா, அறைச் சாவியை நானே இவன் கையில குடுத்துட்டு இவன் வீட்டுக்குப் போயிடறேன். நான் சொன்னது சரின்னா... அந்த அறைப் பேச்சை இவன் இனிமே எடுக்கவே கூடாது."

"சம்மதம்," என்றார் மகன்.

சட்டென்று சொன்னார். ஜெயித்தவர் மாதிரி.

அப்போது மாடிப்படியில் வேகமான காலடிச் சத்தம். கலைக்கூடத்தின் மேலாளர். டை, பளபளக்கும் ஷூ, இரண்டு கைகளிலும் வெள்ளைக் கையுறை. ஓவியங்களைத் தொடுகிறவர்கள் போட்டுக்கொள்கிற மெல்லிய துணிக் கையுறை.

"மேடம், சாயங்காலம் திறப்பு விழா. பரிசு குடுக்க நடுவர்கள் வராங்க. உங்க ஜீப்பை மட்டும் கொஞ்சம் பின்பக்கம்..."

"ஏன் சார், ஜீப்புக்கு அழைப்பிதழ் இல்லையா?" என்றார் குண்டூசி.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் படத்தை நேத்து மத்தியானம் நானே வாங்கி வெச்சேன். சாயங்காலம் நானே மாட்டினேன். பூட்டினது நான், காலையில திறந்ததும் நான். பூட்டு உடையல. ஜன்னல் திறக்கல. எப்படி மாறும்?"

"அவங்க மாறிடுச்சுன்னு சொல்றாங்களே."

"வாங்க, ஒண்ணு காட்டறேன்."

மேலாளர் எல்லோரையும் கீழே வாசலுக்கு அழைத்துப் போனார். ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர். கண்காட்சி விளம்பரம். அதன் நடுவே அதே மேஜை, அதே ஜாடி, அதே பூக்கள், அதே நீலத் துணி.

"இது இவங்களே படத்தை எடுத்து அனுப்பின ஃபோட்டோதான். மேல இருக்கிற படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க."

குண்டூசி தன் செல்போனில் மாடியில் எடுத்த படத்தை போஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். பூவுக்குப் பூ. மடிப்புக்கு மடிப்பு.

ஒரு வித்தியாசமும் இல்லை!

"அம்மா..." மகன் மெதுவாக அம்மாவின் தோளில் கை வைத்தார். "போதும்மா. வீட்டுக்குப் போலாம்."

ஓவியர் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. தன் கண்மேல் தனக்கே முதல்முறையாகச் சந்தேகம் வந்த முகம்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்தார். கிளம்புகிறார் என்று அர்த்தம்.

"இருங்க."

ஓவியர் போஸ்டரை நெருங்கினார். நடுவில் எல்லாவற்றிலும் உயரமாக நின்ற மஞ்சள் பூவின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஃபோட்டோ எடுத்தப்போ இது இன்னும் வாடல."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஃபோட்டோ அனுப்பணும்னு இவங்க அவசரப்படுத்தினாங்க. படம் முழுசா முடியறதுக்கு முன்னாடியே எடுத்து அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் இந்தப் பூ கழுத்து ஒடிஞ்சு தொங்கிடுச்சு. ஜெர்பரா அப்படித்தான், கழுத்துலதான் சாவு."

"சரி, வேற பூ வாங்கி வெச்சீங்களா?"

"நான் பூவை மாத்தவே மாட்டேன் மேடம். அது எப்படிப் போகுதோ அப்படியே விட்டு வரைவேன். நின்ன பூவைச் சுரண்டி எடுத்துட்டுத் தொங்கற பூவா வரைஞ்சேன். மத்த பூவெல்லாம் நம்மளைப் பாக்குது. இது ஒண்ணு மட்டும் குனிஞ்சு துணியைப் பாத்துட்டிருந்துது. எனக்கு அதான் படமே. நேத்து இங்க வந்தது தொங்கின பூ. இன்னிக்கு மேல நிக்கறது நிமிர்ந்த பூ."



"மேடம்," என்றார் குண்டூசி, "ராத்திரி யாராவது ஜாடியில தண்ணி ஊத்தியிருப்பாங்களோ?"

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

படத்தின் முன்னால் போய் நின்றார். விரலை நீட்டினார்.

"தொடாதீங்க மேடம்," மேலாளர் பதறினார்.

இன்ஸ்பெக்டர் தொட்டுவிட்டார். உயரமான மஞ்சள் பூவில் விரல் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. நுனியில் மஞ்சள்.

"காயல."

"காயாது," என்றார் ஓவியர். "இவ்வளவு தடிமனா அப்பினா மாசக்கணக்குல ஈரமாத்தான் இருக்கும்."

"அப்போ ஈரத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க பூ எங்கே தொங்கிட்டிருந்தது? இடத்தைக் காட்டுங்க."

ஓவியர் ஜாடிக்குக் கீழே, நீலத் துணியின் மூன்றாவது மடிப்பைக் காட்டினார். காட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். மூக்கு படத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்தார்.

"பச்சை..."

"எங்கே?"

"இந்த மடிப்புக்குள்ள. நகம் அளவுக்கு. தெரியுதா?"

தெரிந்தது. நீல மடிப்பின் பள்ளத்தில் மெல்லிய பச்சைத் தீற்றல்.

"என் துணியில நான் பச்சையே போடல மேடம். நீலத்து மேல இருந்த மஞ்சளை யாரோ வழிச்சு எடுத்திருக்காங்க. கொஞ்சம் ஒட்டிக்கிட்டு பச்சையாயிடுச்சு." ஓவியர் நிமிர்ந்தார். கண்கள் பளபளத்தன. "இது என் படம்தான். யாரும் மாத்தல. என் பூவைத்தான் தூக்கி நிறுத்தியிருக்காங்க."

மகன் கார் சாவியைப் பைக்குள் போட்டார்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நேத்து படத்தை இங்க கொண்டுவந்தது யாரு?"

"நான்தான். என் கார்ல."

"பூ நிமிர்ந்து இருந்ததா, தொங்கிட்டு இருந்ததா?"

"அது... மூடின பெட்டிக்குள்ள இருந்தது."

"அதுக்கு முன்னாடி வீட்ல பாத்திருப்பீங்களே?"

"நான் அந்த அறைக்குள்ள போறதில்ல மேடம். வாசனை ஒத்துக்காது."

"அப்போ அம்மா வரைஞ்ச படத்தை இதுவரைக்கும் நீங்க சரியாப் பாத்ததே இல்ல."



"கண்ணு ஆபரேஷனைத் தப்பான ஆளுக்குப் பண்ணிட்டாங்க," என்று குண்டூசி சுவரிடம் சொன்னார்.

அந்த நேரத்தில் பக்கத்துச் சுவரின் பக்கமிருந்து ஒருவர் தொண்டையைக் கனைத்தார். பருத்த மனிதர். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் குதிரைகள். ஓடும் குதிரை, நிற்கும் குதிரை, திரும்பிப் பார்க்கும் குதிரை. வேறு எதையும் வரையாதவர். ஊரில் குதிரைக்காரர் என்றால்தான் தெரியும்.

"என்ன அக்கா, பூ எழுந்து நின்னுடுச்சாமே? அடுத்து துணி எழுந்து நடக்குமோ?"

"இவரு யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்தச் சுவர் எனக்கு வேணும்னு சண்டை போட்டவரு," என்றார் ஓவியர். "வெளிச்சம் இங்கதான் நல்லா விழும்."

"குதிரைக்கு வெளிச்சம் வேணும் மேடம். பூவுக்கு ஜன்னல் ஓரம் போதும்."

குண்டூசியின் கண் குதிரைக்காரரின் சட்டையில் நின்றது. வலது கை மடிப்பில்... மஞ்சள் வண்ணம்.

"சார், கையில என்னது?"

"பெயிண்ட். நான் ஓவியன். போலீஸ்காரர் சட்டையில இருந்தாத்தான் கேக்கணும்."

"புதுசா இருக்கே?"

"காலையில வந்து குதிரையோட பிடரியில ரெண்டு இழுப்பு இழுத்தேன். பாருங்க, அதுவும் மஞ்சள்தான்." குதிரைக்காரர் கையை விரித்தார். "அந்தப் பூவை நான் தொடணும்னா இன்னும் நல்லாத் தொங்க விட்டிருப்பேன். பரிசுக்குப் போட்டி போடறவன் எதிராளியோட படத்தைத் தூக்கியா நிறுத்துவான்?"

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். பிறகு மெல்ல தலையசைத்தார்.

"இவர் சொல்றது நியாயம் குண்டூசி. கெடுக்கணும்னு நினைக்கிறவன் பூவை நிமிர்த்த மாட்டான். இது யாரோ நல்லது பண்றதா நினைச்சுப் பண்ணின வேலை."

"நல்லது பண்றவங்களைப் பிடிக்கறது ரொம்பக் கஷ்டம் மேடம். நமக்குப் பழக்கமில்ல."

ஊழியர் ஒருவர் தட்டில் டீ கொண்டுவந்தார். மேலாளர் தன் கையாலேயே ஆளுக்கொரு கோப்பையை எடுத்துக் கொடுத்தார். கடைசியாகத் தனக்கும் ஒன்று. ஒரு வாய் குடித்தார்.

குண்டூசி கோப்பையை உதடு வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

"சார்."

"சொல்லுங்க."

"கையுறை போட்டுக்கிட்டு டீ குடிக்கிற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்."

மேலாளரின் கோப்பை தட்டில் இறங்கியது. சத்தமாக.

"அது... பழக்கம்."

"கழற்றுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"மேடம், கூடத்துல நாங்க எப்பவும்..."

"டீக்குக் கைரேகை பட்டா ஒண்ணும் ஆகாது. கழற்றுங்க."

வலது கையுறை கழன்றது. பிறகு இடது.

எல்லா நகங்களின் இடுக்கிலும் மஞ்சள்! இரண்டு விரல்களில் கொஞ்சம் பச்சை.

"எண்ணெய் வண்ணம்," என்றார் ஓவியர் அமைதியாக. "சோப்புக்குப் போகாது. என்கிட்ட கேட்டிருந்தா வழி சொல்லியிருப்பேன்."

மேலாளர் அருகில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார்.

"நான் திருடல மேடம்."

"திருடினீங்கன்னு யாரும் சொல்லல. என்ன பண்ணீங்க, அதைச் சொல்லுங்க."

"நேத்து மத்தியானம் படத்தைப் பிரிச்சு இந்தச் சுவர்ல சாய்ச்சு வெச்சேன். விளக்கு சரியா விழுதான்னு பாக்கப் பெரிய விளக்கைப் போட்டேன். அந்த நேரம் ஒரு ஃபோன். கீழ போனவன் பேசிட்டே சாப்பிடப் போயிட்டேன். விளக்கை அணைக்க மறந்துட்டேன்."

"அப்புறம்?"

"திரும்பி வந்து பாத்தேன்... பூ தொங்கிட்டிருந்தது."



"எனக்கு உயிரே போயிடுச்சு மேடம். தடிமனா அப்பின வண்ணம் சூட்டுல இளகிச் சரியும். கல்லூரியில படிச்சிருக்கேன், ரெண்டு தடவை கண்ணாலயும் பாத்திருக்கேன். ஓடிப்போய் போஸ்டரைப் பாத்தேன். அதுல பூ நிமிர்ந்து நிக்குது. அப்போ என் விளக்குச் சூட்டுலதானே சரிஞ்சிருக்கணும்? அவங்க படம் என் கையில பாழாயிடுச்சுன்னு நினைச்சேன். போஸ்டரைப் பாத்துப் பாத்து, சின்னக் கத்தியால மெல்லத் தூக்கி... விரலால அணைச்சு... இருந்த இடத்துலயே நிறுத்திட்டேன்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"காலையில வந்ததுமே இது என் படம் இல்லன்னு கத்தினாங்க மேடம். சரியா நிறுத்தல போலன்னு நினைச்சேன். எப்படிச் சொல்வேன்?"

எல்லோரும் ஓவியரைப் பார்த்தார்கள்.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மகன் ஓர் அடி முன்னால் வந்தார்.

ஓவியர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா... அது சூட்டுல இளகி விழல. அந்தப் பூவைத் தொங்க விட நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. எத்தனை தடவை சுரண்டினேன். நீங்க ஒரே சாயங்காலத்துல உயிர் குடுத்துட்டீங்க."

"மன்னிச்சுடுங்கம்மா. நான் வேலையை விட்டுடறேன்."

"வேலையை விட வேண்டாம். சாப்பிடப் போனா விளக்கை அணைச்சுட்டுப் போங்க." ஓவியர் மகன் பக்கம் திரும்பினார். "என்னடா, என் கண்ணு எப்படி?"

மகன் தரையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

"யாருக்கும் கேக்கல."

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு."

குதிரைக்காரர் மட்டும் மேலாளரை முறைத்துக்கொண்டிருந்தார்.

"என் குதிரை எதையாவது தொட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"அதான பாத்தேன்," என்றார் குதிரைக்காரர். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன.

ஓவியர் வீட்டிலிருந்து வண்ணங்களையும் கத்தியையும் வரவழைத்தார். மாலையில் நடுவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். படம் சுவரில் இருந்தபடியே அவர் வேலை செய்தார். பூவின் கழுத்துக்குக் கீழே கத்தியை வைத்தார். ஓர் அழுத்து... ஒரு திருப்பு... நிமிர்ந்து நின்ற பூ தலையைத் தொங்கப் போட்டு நீலத் துணியைப் பார்த்தது. பச்சைத் தீற்றலின் மேல் நீலம் ஏறியது.

செய்முறை விளக்கம் என்று நினைத்து நடுவர்கள் கை தட்டினார்கள்.

முதல் பரிசு ஒரு குதிரைக்குக் கிடைத்தது.

ஓவியர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் பார்வை முழுக்க, ஒரு தூணுக்குப் பக்கத்தில் போனில் பேசிக்கொண்டிருந்த மகன் மேல் இருந்தது.

"...இல்ல சார், அந்த அறை வாடகைக்கு இல்ல... இல்ல சார், கூடக் குடுத்தாலும் இல்ல... அங்க எங்க அம்மா வேலை பாக்கறாங்க."

போனை வைத்துவிட்டு வந்தார். படத்துக்கு எதிரே அம்மாவோடு நின்றார். முதல்முறையாக அந்த ஓவியத்தை நிதானமாகப் பார்த்தார். பூக்களைப் பார்த்தார். தொங்கும் பூவைப் பார்த்தார். அது பார்க்கும் திசையில் தானும் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா."

"சொல்லுடா."

"அந்தத் துணி..."

"நல்லா வந்திருக்கில்ல?"

"ஓரத்துல வெள்ளி நூல்ல கொடி போட்டிருக்கே."

"ம்."

"இது எங்க கல்யாணத்துக்கு என் மாமியார் குடுத்த படுக்கை விரிப்பு."

ஓவியர் கைப்பையைத் திறந்தார். கறுப்புக் கண்ணாடியை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"வெளிச்சம் கூசுதுடா."

"ஒரு வருஷமா வீடு பூராத் தேடறோம்மா. அது காணோம்னு சலவைக்காரரோட சண்டை போட்டு அவரை நிறுத்திட்டோம்."

"அந்த மனுஷன்கிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

மகன் யோசித்தார். "மாட்டேன்."

"அதான் கேக்கல."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், குண்டூசி காலையில் எழுதிய புகார்த் தாளைக் கிழிக்கப் போய், அப்படியே நின்றுவிட்டார்.

குண்டூசி பேனாவின் மூடியைத் திறந்தார்.

"மேடம், கிழிச்சுடாதீங்க. புகார் குடுத்தவங்க பேரைக் குற்றவாளி இடத்துக்கு மாத்திட்டா போதும்."